பாதி விலையில் டெல்லி கார்... வாங்கி ஊருக்குக் கொண்டு வந்தா உண்மையிலேயே லாபமா?

"சிங்கிள் ஓனர், டீசல், டாப் மாடல். நம்ம ஊர்ல எட்டு லட்சம் போற வண்டி, டெல்லியில நாலரை லட்சம்தான். லாரியில ஏத்தி வீட்டு வாசலுக்கே அனுப்பிடறோம்."

செல்போனில் ரீல்ஸ் பார்க்கும் பலருக்கும் இந்தக் குரல் பழகிப்போன ஒன்று. சென்னை, கோவை, மதுரை, நாகர்கோவில் என எல்லா ஊர்களிலும் "டெல்லி வண்டி" என்றே தனியாக ஒரு சந்தை உருவாகிவிட்டது. பட்ஜெட் நாலு லட்சம், ஆசை ஏழு சீட்டர் கார் மேல். அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு இந்த விலை பெரிய ஈர்ப்பு.

ஆனால் ரீல்ஸில் சொல்லப்படும் விலை, டெல்லியில் நிற்கும் வண்டியின் விலை மட்டுமே. அது 2,200 கிலோ மீட்டர் தாண்டி வந்து, தமிழ்நாட்டு நம்பர் வாங்கி, உங்கள் பெயரில் ஆர்சி கைக்கு வரும் வரை ஆகும் செலவு தனிக்கணக்கு. அந்தக் கணக்கில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

டெல்லியில் ஏன் விலை குறைவு? இப்போது அங்கே சட்ட நிலவரம் என்ன? என்னென்ன செலவு வரும்? யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? விரிவாகப் பார்க்கலாம்.

டெல்லியில் மட்டும் ஏன் இவ்வளவு மலிவு?

காரணம் காற்று மாசு. 2015 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஒரு உத்தரவு போட்டது. டெல்லி மற்றும் அதைச் சுற்றியுள்ள தேசியத் தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்கள் ஓடக் கூடாது என்றது. பெட்ரோல் வாகனங்களுக்கு வரம்பு 15 ஆண்டுகள். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

நாட்டின் மற்ற பகுதிகளில் சொந்த உபயோகத்துக்கான காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகும் தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். டெல்லியில் டீசல் காருக்கு இந்த ஆயுள் 10 ஆண்டோடு முடிந்துவிடுகிறது.

அதாவது இன்ஜின் நன்றாக இருக்கும், பாடி நன்றாக இருக்கும். ஆனால் அந்த ஊரில் அந்த வண்டியை ஓட்ட முடியாது. ஓட்ட முடியாத இடத்தில் இருக்கும் வண்டிக்கு விலை இறங்கத்தானே செய்யும்? அதே வண்டி தமிழ்நாட்டுக்கு வந்தால் இன்னும் பல ஆண்டுகள் சட்டப்படி ஓடும். ஒரே காருக்கு இரண்டு ஊரில் இரண்டு ஆயுள். இந்த இடைவெளிதான் டெல்லி வண்டி வியாபாரத்தின் அடித்தளம்.

இப்போ நிலவரம் என்ன?

இங்கேதான் கவனம் தேவை. 2025 ஜூலை 1 முதல், ஆயுள் முடிந்த வாகனங்களுக்கு டெல்லி பங்க்குகளில் பெட்ரோல், டீசல் போடக் கூடாது என்ற கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. பங்க்குகளில் கேமரா வைத்து நம்பர் பிளேட்டைப் படித்து வண்டிகளைப் பிடித்தார்கள். பல லட்சம் கொடுத்து வாங்கிய சொகுசு கார்களைச் சில லட்சங்களுக்கு விற்றுவிட்டோம் என்று உரிமையாளர்கள் புலம்பிய செய்திகள் அப்போதுதான் வந்தன. எதிர்ப்பு கிளம்பியதால் சில நாட்களிலேயே அந்தக் கட்டுப்பாடு நிறுத்தி வைக்கப்பட்டது.

அடுத்து 2025 ஆகஸ்ட் 12 அன்று, வயதை மட்டும் காரணம் காட்டி இந்த வாகனங்களின் உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. டிசம்பர் 17 அன்று அந்த உத்தரவு திருத்தப்பட்டது. பிஎஸ்-4 மற்றும் அதற்குப் பிந்தைய தர வாகனங்களுக்கு மட்டுமே இந்தப் பாதுகாப்பு என்று நீதிமன்றம் சொன்னது.

இதில் கார் வாங்குபவர் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

டெல்லியில் பிஎஸ்-4 விதி 2010 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. எனவே 2012, 2014, 2015ல் டெல்லியில் பதிவான டீசல் கார்கள் பிஎஸ்-4 வகையைச் சேர்ந்தவை. திருத்தப்பட்ட உத்தரவுப்படி அவற்றுக்கு இடைக்காலப் பாதுகாப்பு உண்டு. "நாளைக்கே ஸ்கிராப்புக்குப் போயிடும், அதனால அவசரமா விக்கிறாங்க" என்று சொல்லும் பேச்சு இந்த வண்டிகளுக்குப் பொருந்தாது.

உண்மையில் நெருக்கடியில் இருப்பவை பிஎஸ்-3 வண்டிகள். அவை பெரும்பாலும் 2010க்கு முன் பதிவானவை. அவற்றுக்குத் தமிழ்நாட்டிலும் 15 வயது தாண்டியிருக்கும். அதிலும் 15 ஆண்டு தாண்டிய டீசல் வண்டியை வேறு மாநிலத்துக்குக் கொண்டு செல்ல என்ஓசி கொடுக்கக் கூடாது என்று 2016லேயே பசுமைத் தீர்ப்பாயம் சொல்லியிருக்கிறது. ஆக, அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் டீசல் வண்டியைக் கொண்டு வருவதே சிக்கல்.

அப்படியானால் பிஎஸ்-4 டீசலை ஏன் இன்னும் விற்கிறார்கள்? குளிர்காலக் கட்டுப்பாடு ஒரு காரணம். காற்றின் தரம் மோசமாகி மூன்றாம் நிலைக் கட்டுப்பாடு அமலுக்கு வந்தால், பிஎஸ்-3 பெட்ரோல் கார்களும் பிஎஸ்-4 டீசல் கார்களும் டெல்லியில் ஓடக் கூடாது. வருடத்தில் சில வாரங்கள் வண்டியை வீட்டிலேயே பூட்டி வைக்க வேண்டிய நிலை. இடைக்கால உத்தரவு எப்போது மாறும் என்ற பயமும் இருக்கிறது. அதனால் விலை குறைவுதான், ஆனால் ரீல்ஸில் சொல்லும் அளவுக்கு எல்லா வண்டிக்கும் குறைவில்லை.

வண்டியை விட முக்கியம் என்ஓசி

வேறு மாநில வண்டியை இங்கே பதிவு செய்ய முதலில் வேண்டியது, அந்த மாநில ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்று. படிவம் 28ல் இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். எந்த ஊர் ஆர்டிஓ எல்லைக்கு வண்டி போகிறது என்பது அதில் இருக்கும். உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இங்கே புது நம்பர் கேட்டு விண்ணப்பிக்கப் படிவம் 27.

என்ஓசி கிடைக்காமல் நிற்கும் வண்டிகளில் பெரும்பாலும் இந்தப் பிரச்னைகளில் ஒன்று இருக்கும்.

• கடன் பாக்கி. ஆர்சியில் வங்கியின் பெயர் இன்னும் இருந்தால் என்ஓசி நகராது. கடன் முடிந்ததற்கான வங்கிக் கடிதமும் படிவம் 35ம் வேண்டும்.

• அபராத பாக்கி. இ-சலான்கள் குவிந்து கிடக்கும். அதைக் கட்டப் போவது யார் என்று முன்கூட்டியே பேசவில்லை என்றால் வாங்குபவர் தலையில் விழும்.

• உரிமையாளர் கையில் இல்லாத வண்டி. விற்பனை செய்யும் டீலரும், ஆர்சியில் பெயர் உள்ளவரும் வேறு வேறு ஆட்கள். ஆன்லைன் விண்ணப்பங்களுக்கு உரிமையாளரின் செல்போனுக்கு ஓடிபி போகும். அவர் போனை எடுக்கவில்லை என்றால் வேலை அப்படியே நிற்கும்.

• பதிவுக் காலம் முடிந்த வண்டி. வாகன் பதிவேட்டில் அந்த ஆர்சியின் நிலை "ஆக்டிவ்" என்று இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

இவற்றில் பெரும்பாலானவற்றை எம்-பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். திருட்டு வண்டியா என்பதைத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் சரிபார்க்கும் வசதி உண்டு. சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டும் ஆர்சியில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும்.

"ஒரு வருஷம் டெல்லி நம்பர்லயே ஓட்டலாம்ணே" என்று சொல்பவர்களும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47வது பிரிவில் 12 மாதம் என்ற கணக்கு இருப்பது உண்மை. ஆனால் அது பதிவு எண்ணை மாற்றுவதற்கான காலவரம்பு. வண்டி இங்கேயே தங்கி ஓடினால் வரியைக் கட்டாமல் தள்ளிப்போட அது அனுமதி ஆகாது. சோதனையில் சிக்கினால் வரியோடு அபராதமும் சேரும்.

கணக்கைக் கவிழ்ப்பது வரிதான்

டெல்லி கார் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுட்கால வரி உயர்த்தப்பட்டது. புது காருக்கு 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம்.

வெளிமாநிலப் பழைய காருக்கு வண்டியின் வயதைப் பொறுத்து இந்தச் சதவீதம் குறையும். ஆனால் அந்தச் சதவீதம் எதன் மேல் போடப்படுகிறது? நீங்கள் டெல்லியில் கொடுத்த நாலரை லட்சத்தின் மேல் என்று நினைத்தால் தப்பு. வண்டி புதிதாக வாங்கப்பட்டபோது இருந்த விலையின் மேல்தான்.

டெல்லியில் இறங்கியது காரின் சந்தை விலை மட்டுமே. வரி போடுவதற்கான அடிப்படை விலை இறங்கவில்லை. அதனால்தான் கார் எவ்வளவு சொகுசோ, அவ்வளவுக்கு வரி அதிர்ச்சியும் பெரிதாக இருக்கிறது.

ஒரு உதாரணக் கணக்கு பார்க்கலாம். இதில் உள்ள தொகைகள் புரிந்துகொள்வதற்காக வைத்தவை. உங்கள் வண்டிக்கான சரியான தொகையை உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும்.

புதிதாக இருந்தபோது விலை: 20 லட்சம்
டெல்லியில் இப்போது விலை: 4.5 லட்சம்
அதே மாடல், அதே வயது, தமிழ்நாட்டு நம்பருடன்: 6.5 லட்சம்
விலை வித்தியாசம்: 2 லட்சம்

வயதுக்கேற்ற வரி 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால்: 1.6 லட்சம்
லாரி வாடகை: 25 ஆயிரம்
டெல்லி போய் வர, மெக்கானிக்கை வைத்துப் பார்க்க: 15 ஆயிரம்
மொத்தம்: 2 லட்சம்

வித்தியாசம் அப்படியே கரைந்துவிட்டது. இன்சூரன்ஸ், புது நம்பர் பிளேட், ஏஜென்ட் கட்டணம், வந்ததும் செய்யும் சர்வீஸ் எல்லாம் இன்னும் சேர்க்கவே இல்லை.

சின்ன காருக்கு? புதிதில் 6 லட்சம் இருந்த காருக்கு இதே 8 சதவீதம் என்றால் வரி 48 ஆயிரம்தான். ஆனால் லாரி வாடகையும் பயணச் செலவும் சின்ன கார் என்பதற்காகப் பெரிதாகக் குறையாது. அந்த 40 ஆயிரத்தையும் சேர்த்தால் 88 ஆயிரம். டெல்லி விலைக்கும் நம்ம ஊர் விலைக்கும் வித்தியாசம் அதைவிட அதிகமாக இருந்தால் மட்டுமே யோசிக்கலாம்.

டெல்லியில் ஏற்கெனவே கட்டிய ஆயுட்கால வரியில் மீதிக் காலத்துக்கான தொகையைத் திரும்பப் பெற முடியாதா? பல மாநிலங்களில் அதற்கு நடைமுறை இருக்கிறது. ஆனால் இங்கே பதிவு முடிந்த பிறகு, பழைய மாநில அலுவலகத்தில் தனியாக விண்ணப்பித்து வாங்க வேண்டிய பணம் அது. வந்தால் சந்தோஷம். அதை நம்பி பட்ஜெட் போடுவது சரியாக இருக்காது.

15 வயதைத் தாண்டிய கார் என்றால் இன்னொரு செலவும் உண்டு. 2022 ஏப்ரல் முதல் இப்படிப்பட்ட கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயில் இருந்து 5 ஆயிரமாக உயர்ந்தது. 20 ஆண்டைத் தாண்டினால் 10 ஆயிரம் என்று 2025 ஆகஸ்ட்டில் மீண்டும் உயர்த்தினார்கள். பசுமை வரியும் தனியாகக் கட்ட வேண்டும்.

ஓட்டி வரலாமா, லாரியில் ஏற்றலாமா?

டெல்லியில் இருந்து சென்னைக்குச் சாலை வழியாக சுமார் 2,200 கிலோ மீட்டர். நண்பர்களோடு ஓட்டி வந்தால் வண்டியின் உண்மையான நிலை தெரிந்துவிடும் என்பது ஒரு வசதி. ஆனால் டீசல், டோல், தங்கும் செலவு எல்லாம் கூட்டினால் லாரி வாடகைக்குப் பக்கத்தில் வந்துவிடும். நடுவழியில் பழைய வண்டி மக்கர் பண்ணினால் கணக்கே மாறிவிடும்.

முக்கியமான விஷயம், பதிவுக் காலம் முடிந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வரக் கூடாது. ரோட்டில் பிடித்தால் பறிமுதல் வரை போகலாம். அதை லாரியில்தான் ஏற்ற வேண்டும். காற்று மாசுக் கட்டுப்பாடு அமலில் இருக்கும் குளிர்கால நாட்களில் பிஎஸ்-4 டீசலை டெல்லி எல்லைக்குள் எடுத்து ஓட்டினாலும் அபராதம் உண்டு.

லாரியில் அனுப்புவதாக இருந்தால், ஏற்றும் முன் நான்கு பக்கமும் வீடியோ எடுக்கச் சொல்ல வேண்டும். கிலோ மீட்டர் ரீடிங், ஸ்டெப்னி, டூல்ஸ், மியூசிக் சிஸ்டம், இருக்கும் கீறல்கள் எல்லாம் பட்டியலில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். வழியில் சேதமானால் யார் பொறுப்பு, போக்குவரத்துக் காப்பீடு இருக்கிறதா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பழைய உரிமையாளரின் ஃபாஸ்டேக்கை நீக்கிவிட்டதையும் உறுதி செய்துகொள்ளலாம்.

மலிவுக்குப் பின்னால் மறைந்திருப்பது என்ன?

நேரில் பார்க்காமல் வாங்கும் எந்த வண்டிக்கும் மூன்று பயங்கள் உண்டு.

ஒன்று, வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. 2023 ஜூலையில் யமுனை 208 மீட்டரைத் தாண்டிப் பாய்ந்து டெல்லியின் தாழ்வான பகுதிகளை மூழ்கடித்தது நினைவிருக்கலாம். இப்படி நனைந்த வண்டிகளைக் கழுவித் துடைத்து தூர ஊர்களுக்குத் தள்ளிவிடுவது நாடு முழுக்க நடக்கும் வேலை. சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்துப் பார்த்தால் அடியில் சேற்றுக் கறை தெரியும். மேட்டைத் தூக்கினால் துரு தெரியும்.

இரண்டு, திருத்தப்பட்ட கிலோ மீட்டர். கம்பெனி சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் வரலாறு கேட்டு வாங்கினால் பெரும்பாலும் உண்மை வெளியே வந்துவிடும்.

மூன்று, ஆவணமே பொய்யாக இருப்பது. 2025 செப்டம்பரில் கேரளாவில் சுங்கத் துறை நடத்திய "ஆபரேஷன் நும்கூர்" சோதனையை இங்கே நினைவுபடுத்தலாம். பூட்டான் வழியாகக் கொண்டுவரப்பட்ட சொகுசு வாகனங்கள், போலி ஆவணங்கள் மூலம் இந்தியாவில் பதிவு செய்யப்பட்டு விற்கப்பட்டன என்பது சுங்கத் துறையின் குற்றச்சாட்டு. திரைப் பிரபலங்களின் வீடுகளில்கூட வாகனங்கள் தேடப்பட்டன. முதலில் பதிவு செய்தது யார், வண்டி எத்தனை மாநிலம் சுற்றி வந்தது என்ற சங்கிலியைப் பார்க்காமல் வாங்கினால், கடைசியில் வண்டியை இழப்பது கடைசியாகக் காசு கொடுத்தவர்தான்.

இதோடு ஆன்லைன் மோசடியும் இருக்கிறது. "ராணுவத்துல இருக்கேன், டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு, அவசரமா விக்கிறேன், வண்டி ராணுவ பார்சல்ல வரும்" என்று சீருடைப் படம் அனுப்பி முன்பணம் பறிக்கும் கும்பல் பற்றி போலீஸ் பலமுறை எச்சரித்திருக்கிறது. வண்டியைப் பார்க்கும் முன் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

இன்சூரன்ஸ்ல என்ன சிக்கல்?

வண்டி கைமாறியதும் 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸை வாங்குபவர் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி வண்டியோடு வந்துவிடும். ஆனால் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு தானாக வராது. பழைய ஓனர் பெயரிலேயே பாலிசி இருக்க, வண்டி விபத்தில் சிக்கினால் கிளெய்ம் நிராகரிக்கப்படலாம். பழையவரின் நோ கிளெய்ம் போனஸும் வாங்குபவருக்குச் சேராது.

விற்பவருக்கும் இதில் ஆபத்து உண்டு. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் தெளிவாகச் சொன்னது, ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். வண்டி பல கை மாறியிருந்தாலும், விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு அவர் தலையில்தான். அதனால் நியாயமான விற்பனையாளரும் பெயர் மாற்றத்தை அவசரப்படுத்துவார். "பேர் மாத்துறது அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஒருவர் சொன்னால், அவர் உண்மையான உரிமையாளர்தானா என்றே சந்தேகப்படலாம்.

டீலரிடம் வாங்கினால், அவர் ஆர்டிஓவில் பதிவு பெற்ற பழைய வாகன டீலரா என்று கேட்கலாம். 2023 ஏப்ரல் முதல் இதற்கான விதி அமலில் உள்ளது. பதிவு பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைத்த தகவல் படிவம் 29சி மூலம் போயிருந்தால், அதன் பிறகு அந்த வண்டிக்கு அவர்தான் பொறுப்பு.

அப்போ வாங்கலாமா, வேண்டாமா?

எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. டெல்லியில் நம்பகமான சொந்தக்காரரோ நண்பரோ இருந்து, வண்டியை நேரில் பார்க்க முடிந்து, வயது 15ஐ நெருங்காமல் இருந்து, எல்லாச் செலவும் போக ஒரு நல்ல தொகை மிஞ்சினால் வாங்கலாம். இங்கே எளிதில் கிடைக்காத மாடல் வேண்டும் என்பவர்களுக்கும் அர்த்தம் உண்டு. மற்றபடி 20, 30 ஆயிரம் மிச்சம் என்பதற்காக இவ்வளவு தூரம் போவது தேவையற்ற தலைவலி.

வாங்குவது என்று முடிவெடுத்தால் வரிசை முக்கியம். முதல் வேலை, உங்கள் ஊர் ஆர்டிஓ அலுவலகத்தில் அந்த மாடல், வயது, முதல் விலையைச் சொல்லி வரி எவ்வளவு, பதிவு செய்ய முடியுமா என்று கேட்பது. இரண்டாவது, ஆர்சி, கடன், சலான், சேசிஸ் நம்பர் சரிபார்ப்பு. மூன்றாவது, வண்டியை நேரில் பார்ப்பது அல்லது நம்பகமான மெக்கானிக்கை அனுப்புவது. நான்காவது, பணத்தின் ஒரு பகுதியை என்ஓசி கைக்கு வந்த பிறகே தருவது என்று எழுதிக்கொள்வது. லாரியில் ஏற்றுவது இவை எல்லாம் முடிந்த பிறகுதான்.

பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் பணம், அடுத்து லாரி, வண்டி வாசலுக்கு வந்த பிறகு ஆர்டிஓ. அப்போது என்ஓசியில் சிக்கல் என்றால், பார்க்க அழகான கார் வீட்டு முன்னால் நிற்கும். அதை உங்கள் பெயருக்கு மாற்றவும் முடியாது, நல்ல விலைக்கு விற்கவும் முடியாது.